நாள் குறித்தலும் காத்திருத்தலும்: 1844ஆம் ஆண்டின் ‘பெரும் ஏமாற்றம்’ குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கிறிஸ்துவ சமயம் தோன்றிய காலந்தொட்டு அதனுடன் வளர்ந்து வந்த எதிர்பார்ப்புகளுள் தலையாயது, இயேசு கிறிஸ்து மீண்டும் வருவார் என்பதும் அவ்வருகையுடன் இவ்வுலக வரலாறு நிறைவுறும் என்பதுமாகும். இந்நம்பிக்கை பெரும்பாலான திருச்சபைகளுக்குப் பொதுவானது. எனினும், அந்நாள் எது என்று கணித்துக் கூறலாமா என்னும் வினாவில் கிறிஸ்துவர்கள் தமக்குள் வேறுபட்டே நின்றுள்ளனர். கணித்துக் கூறியோரும், கணித்தல் தகாது எனத் தடுத்தோரும் அச்சமய வரலாறு நெடுகிலும் காணப்படுகின்றனர்.

இவ்வினாவை ஒரு நிகழ்ச்சியை மையமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1844ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் இயேசு வருவார் என்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மாநிலங்களில் பல்லாயிரவர் காத்திருந்தனர். அந்நாள் கடந்தது, எதுவும் நிகழவில்லை. வரலாற்றாசிரியர்கள் இதனைப் ‘பெரும் ஏமாற்றம்’ என்று குறிப்பிடுவர். அறியாமையின் விளைவு என்று இதனை எள்ளி நகையாடி ஒதுக்குவது எளிது. நாம் அவ்வழியில் செல்ல விரும்பவில்லை. அக்கணக்கு அக்கால விவிலிய ஆய்வு முறையின் இயல்பான வளர்ச்சியாகவே உருவானது என்பதை முதலில் காட்ட விழைகிறோம். அதன் அடிப்படைத் தவறு கூட்டல் கழித்தலுக்கு அப்பால், நாளை அறியாமையையே விழிப்புக்கு அடிப்படையாக வைத்த போதனையை நாட்காட்டியாக மாற்றியதில் அடங்கியிருந்தது என்பதை அதன்பின் நிறுவ முற்படுகிறோம்.

விவிலியத்தில் இரு போக்குகள்

நாள் குறித்தோரும் அதனை மறுத்தோரும் ஒரே நூலையே சான்றாகக் காட்டினர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. விவிலியத்தின் தானியேல் நூலிலும் திருவெளிப்பாட்டிலும் எண்கள் மிகுந்துள்ளன. எழுபது வாரங்கள், ஆயிரத்து இருநூற்று அறுபது நாள்கள், இரண்டாயிரத்து முந்நூறு மாலையும் காலையும் என அவை அமைந்துள்ளன. எண் கொடுக்கப்பட்டிருப்பின் அது கணக்கிடுவதற்கே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று வாசிப்போர் எண்ணுவது இயல்பே.

மற்றொரு போக்கு நற்செய்திகளில் காணப்படுகிறது. மாற்கு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், அந்நாளைத் தந்தையைத் தவிர வானதூதரும் அறியார், மகனும் அறியார் என்னும் கருத்து இயேசுவின் வாய்மொழியாகவே வருகிறது. திருத்தூதர் பணிகள் நூலின் தொடக்கத்தில், காலங்களை அறிவது சீடர்களுக்கு உரியதன்று என்று கூறப்படுகிறது. இவ்விடங்களில் ‘விழித்திருங்கள்’ என்னும் கட்டளை, ‘நாளை நீங்கள் அறியீர்கள்’ என்னும் காரணத்துடன் இணைந்தே வருவதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். நாள் தெரியாமையால்தான் ஒவ்வொரு நாளும் விழிப்புக்குரிய நாளாகிறது. இவ்விரு போக்குகளுக்கும் இடையிலான இழுபறியே பின்வந்த வரலாறு எனலாம்.

தொடக்கத் திருச்சபை முதல் சீர்திருத்தக் காலம் வரை

உலகம் ஆறாயிரம் ஆண்டுகள் நிலைக்கும் என்னும் கருத்தின் அடிப்படையில், மூன்றாம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த இப்போலித்து, கி.பி. 500ஆம் ஆண்டை ஒட்டி முடிவு வரும் எனக் கணக்கிட்டார். அவருடைய நோக்கம் அச்சுறுத்துவதன்று. முடிவு உடனே வந்துவிடும் என்று பதறியோரை அமைதிப்படுத்தி, இன்னும் காலம் உண்டு என்று காட்டவே அவர் அதனைச் செய்தார். கணக்கு அச்சத்தைத் தணிக்கவும் பயன்பட்டது என்பதற்கு இது சான்றாகும்.

ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் இம்முயற்சிகளை வெளிப்படையாக மறுத்தார். ‘கடவுளின் நகரம்’ என்னும் தம் பெருநூலில், ஆண்டுகளை எண்ணி விரல்களை மடக்கிக் கொண்டிருப்போர் அவ்வேலையை நிறுத்த வேண்டும் என்னும் கருத்தை அவர் முன்வைக்கிறார். சலோனா நகர ஆயராக விளங்கிய எசிக்கியுவுடன் இப்பொருள் குறித்து அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தும் கிடைக்கிறது. அகுஸ்தீனின் நிலைப்பாடே மேலைத் திருச்சபையில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1516ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம், இறுதித் தீர்ப்பின் நாளைத் திட்டவட்டமாகக் குறித்துப் போதிப்பதைத் தடைசெய்தது. தடைவிதிக்க வேண்டியிருந்தது என்பதே அவ்வழக்கம் பரவியிருந்தமையைப் புலப்படுத்துகிறது.

அடுத்த சில ஆண்டுகளில் சீர்திருத்த இயக்கம் ஜெர்மனியில் தோன்றியது. மார்ட்டின் லூதரின் நண்பரும் போதகருமான மிக்கேல் ஸ்டீபல், விவிலியச் சொற்களின் எழுத்துகளுக்கு எண் மதிப்பளித்துக் கணக்கிட்டு, 1533ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்றார். லூதர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. லோகாவ் என்னும் அவருடைய ஊரில் உழவர்கள் வேலையை விட்டுவிட்டுத் தேவாலயத்தில் கூடினர். குறித்த நேரம் கடந்ததும் ஸ்டீபல் கைது செய்யப்பட்டார். தம் பணியிடத்தையும் இழந்தார். லூதரின் ஆதரவால் மீண்டும் ஓர் ஊரில் போதகரான அவர், 1544ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அரித்மெட்டிக்கா இன்டெக்ரா’ என்னும் நூல் கணித வரலாற்றில் சிறப்பிடம் பெற்றது. மடக்கைக் கணிதத்திற்கு வழிகோலிய கருத்துகள் அந்நூலில் உள்ளன. தம் காலத்துச் சிறந்த கணித அறிஞர் ஒருவரே நாள் குறித்துத் தவறினார் என்பது, இம்முயற்சிகளை அறியாமை என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்க இயலாது என்பதற்குப் போதிய சான்றாகும்.

மில்லரின் கணக்கு

வில்லியம் மில்லர் 1782ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டனில் வளர்ந்த உழவர். 1812ஆம் ஆண்டு தொடங்கிய போரில் படைத்தலைவராகப் பணியாற்றி, 1814இல் பிளாட்ஸ்பர்க் சண்டையில் பங்கேற்றார். இளமையில் அவர், உலகைப் படைத்த கடவுள் அதன் நடப்பில் தலையிடுவதில்லை எனக் கருதும் பகுத்தறிவுக் கொள்கையைப் பின்பற்றினார். 1816இல் மனமாற்றம் பெற்றுப் பாப்திஸ்து திருச்சபையில் சேர்ந்தார். விவிலியம் முரண்பாடுடையது என்று எள்ளிய பழைய நண்பர்களுக்கு விடைகூறும் பொருட்டு, சொல்லடைவு ஒன்றைத் துணைக்கொண்டு முதல் வசனம் தொடங்கி முறையாக வாசித்தார். அவர் பகுத்தறிவைத் துறந்து கணக்கிடவில்லை. பகுத்தறிவுவாதிகளிடமிருந்து பெற்ற கறாரான முறையையே விவிலியத்தின் மீது செலுத்தினார் என்பது நம் கருத்து.

அவர் எட்டிய முடிவு எளிமையானது. தானியேல் நூலின் எட்டாம் அதிகாரம், இரண்டாயிரத்து முந்நூறு நாள்களுக்குப் பின் தூயகம் தூய்மை பெறும் என்கிறது. இறைவாக்கில் ஒரு நாள் ஓராண்டைக் குறிக்கும் என்பது சீர்திருத்தத் திருச்சபை உரையாசிரியர் பலர் ஏற்றிருந்த விதி. பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தாவின் ஏழாம் ஆட்சியாண்டான கி.மு. 457ஐத் தொடக்கமாக அவர் கொண்டார். ஒன்பதாம் அதிகாரத்தின் எழுபது வாரங்கள், அதாவது 490 ஆண்டுகள், அங்கிருந்து எண்ணினால் இயேசுவின் இறப்புக்குரியதாக அவர் கருதிய கி.பி. 33இல் முடிந்தன. 2300இலிருந்து 490ஐக் கழித்தால் 1810. அதனை 33உடன் கூட்டினால் 1843. தூயகம் என்பது இவ்வுலகைக் குறிக்கும் என்றும், அதன் தூய்மை இயேசுவின் வருகையால் நிகழும் என்றும் அவர் பொருள் கொண்டார்.

இக்கணக்கில் இரு குறைகள் உள்ளன. கி.மு. 1ஆம் ஆண்டை அடுத்து வருவது கி.பி. 1ஆம் ஆண்டே, இடையில் சுழிய ஆண்டு இல்லை. ஆகவே 2300 முழு ஆண்டுகள் 1844இலேயே நிறைவுறும். இக்குறை பின்னர் இயக்கத்தாராலேயே கண்டறியப்பட்டது. மற்றது இன்னும் ஆழமானது. தானியேலின் எட்டாம் அதிகாரம், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கு எபிபானஸ் என்னும் மன்னன் எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தியதையும் அது மீண்டும் தூய்மையாக்கப்பட்டதையும் பற்றியது என்பதே இக்கால விவிலிய ஆய்வாளருள் பெரும்பாலோர் கொள்கை. துன்புற்ற யூதர்களுக்கு, இத்துன்பத்திற்கு ஓர் எல்லை உண்டு என்று சொல்ல எழுந்த ஆறுதல் மொழி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு கண்டத்தில் கால அட்டவணையாக வாசிக்கப்பட்டது.

கணக்கு மக்களிடம் சென்ற வழி

1818இலேயே இம்முடிவை எட்டியிருந்த மில்லர், ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் அதனைப் பொதுமேடையில் கூறவில்லை. தம் கணக்கு தவறாக இருந்து, அதனால் பிறர் வழிதவற நேருமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். 1831ஆம் ஆண்டு ஆகஸ்டில் டிரெஸ்டன் என்னும் சிற்றூரிலிருந்து அழைப்பு வந்தபோதே அவர் முதன்முறையாகப் பேசினார். 1836இல் வெளிவந்த அவருடைய சொற்பொழிவு நூலின் தலைப்பிலேயே ‘1843ஆம் ஆண்டு அளவில்’ என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றிருந்தது. அந்த ‘அளவில்’ என்னும் சொல் மில்லரின் தயக்கத்தைக் காட்டுகிறது.

இத்தயக்கம் பெருவெள்ளத்தில் கரைந்துபோனமைக்கு அச்சுத்தொழிலின் வளர்ச்சி முக்கியக் காரணமாகும். பாஸ்டன் நகரின் சார்டன் தெரு ஆலயப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் 1839இல் மில்லருடன் இணைந்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் பழகியிருந்த அவர், மக்களைத் திரட்டும் வழிகளை நன்கு அறிந்தவர். 1840இல் ‘காலத்தின் அடையாளங்கள்’ என்னும் இதழையும், 1842இல் நியூயார்க்கில் ‘நள்ளிரவுக் குரல்’ என்னும் இதழையும் அவர் தொடங்கினார். தானியேல் நூலின் விலங்கு உருவங்களும் ஆண்டுகளும் வரையப்பட்ட பெரிய படத்தாள்கள் கல்லச்சில் அச்சாகிக் கூட்டங்களில் தொங்கவிடப்பட்டன. சில ஆயிரம் பேர் அமரத்தக்க பெருங்கூடாரம் ஒன்று ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டது.

காலச் சூழலும் இதற்குத் துணைநின்றது. 1833ஆம் ஆண்டு நவம்பரில் வட அமெரிக்க வானில் பெய்த எரிகல் மழை, பலர்க்கு இறுதிநாளின் அறிகுறியாகத் தோன்றியது. 1837இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி, மனித முயற்சியால் உலகம் படிப்படியாகச் செம்மையுறும் என்னும் நம்பிக்கையைத் தளர்த்தியது. இயக்கத்தைச் சேர்ந்தோர் ஐம்பதாயிரம் முதல் நூறாயிரம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. அவர்கள் பல திருச்சபைகளையும் சேர்ந்த உழவரும் கைவினைஞரும் வணிகருமாவர்.

நாள் குறுகிய விதம்

மக்கள் மில்லரிடம் துல்லியமான நாளைக் கேட்டுக்கொண்டே இருந்தனர். 1843ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர், 1843 மார்ச் 21க்கும் 1844 மார்ச் 21க்கும் இடைப்பட்ட யூத ஆண்டு என்று வரையறுத்தார். அதுவும் கடந்தபின், யூதருள் காரைட் பிரிவினரின் கணக்குப்படி ஆண்டு ஏப்ரல் 18இல் முடிவதாகக் கூறப்பட்டது. அந்நாளும் கடந்தது. மில்லர் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். எனினும் வருகை அண்மையில் உள்ளது என்னும் நம்பிக்கையை அவர் கைவிடவில்லை.

1844 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரின் எக்சிட்டர் நகரில் நடந்த முகாம் கூட்டத்தில் சாமுவேல் ஸ்னோ என்பவர் புதிய விளக்கத்தை முன்வைத்தார். யூதரின் வசந்தகால விழாக்கள் இயேசுவின் முதல் வருகையில் நிறைவேறின. இலையுதிர்கால விழாவாகிய பாவநிவாரண நாள் இரண்டாம் வருகையில் நிறைவேற வேண்டும் என்பது அவர் வாதம். ஏழாம் மாதத்தின் பத்தாம் நாளாகிய அது, காரைட் கணக்கின்படி 1844 அக்டோபர் 22ஆம் நாளில் அமைந்தது. இச்செய்தி காட்டுத்தீயெனப் பரவியது. தலைவர்கள் பலர் தயங்கினர். மில்லர் அக்டோபர் மாதத் தொடக்கத்தில், குறித்த நாளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தபோதுதான் அதனை ஏற்றார். இயக்கம் அவர் பெயரால் அழைக்கப்பட்ட போதிலும், அதன் இறுதி நாளைக் குறித்தவர் அவரல்லர்.

‘1843 அளவில்’ என்பது ஓர் ஆண்டாகி, பின்னர் ஒரு நாளாகக் குறுகியது. காலம் குறுகக் குறுக உற்சாகம் பெருகியது. அதற்கேற்பப் பொறுப்பும் கடுமையாயிற்று. ஆண்டைக் குறிப்பிட்டபோது மக்கள் விதைத்தனர். நாளைக் குறிப்பிட்டபோது அவர்களுள் சிலர் அறுவடையைக் கைவிட்டனர். விளைந்த உருளைக்கிழங்கை மண்ணிலேயே விட்டவர்களையும், கடைகளை மூடியவர்களையும், கடன்களைத் தீர்த்துவிட்டு வெறுங்கையுடன் நின்றவர்களையும் அக்காலச் செய்திகள் காட்டுகின்றன. இயக்கத்தின் முன்னணிப் போதகருள் ஒருவரான சார்லஸ் ஃபிட்ச், குளிர்ந்த நீரில் நின்று திருமுழுக்குக் கொடுத்ததால் நோயுற்று, குறித்த நாளுக்கு எட்டு நாள்கள் முன்னதாக இறந்தார்.

இவர்கள் வெண்ணிற அங்கி அணிந்து கூரைகளிலும் குன்றுகளிலும் ஏறி நின்றனர் என்னும் கதை நெடுங்காலம் வழங்கியது. 1944இல் ஃபிரான்சிஸ் நிக்கல் தம் நூலில் அக்கதைகளை ஆராய்ந்து, அவற்றுக்குத் தக்க சான்றில்லை என்று காட்டினார். பெரும்பாலோர் வீடுகளிலும் கூட்ட அரங்குகளிலும் மன்றாடியவாறே நள்ளிரவு வரை காத்திருந்தனர்.

மறுநாள்

அக்டோபர் 23ஆம் நாள் காலையில் இம்மக்கள் எதிர்கொண்டது அயலாரின் ஏளனத்தையும் எதிர்வந்த குளிர்காலத்தையுமாகும். சில இடங்களில் அவர்தம் கூட்டங்கள் தாக்கப்பட்டன. தேவையுற்ற குடும்பங்களுக்கு உதவி செய்யுமாறு ஹைம்ஸ் இயக்கத்தாரை வேண்டிக்கொண்டார். இவ்வேண்டுகோளை நாம் முக்கியமானதாகக் கருதுகிறோம். நாளைக் குறித்தது இறையியல் முடிவு. அதன் விலையைச் செலுத்தியது உழவன் வீட்டு அடுப்பு.

ஏமாற்றத்துக்குப் பின் மூன்று வகையான விடைகள் தோன்றின. பலர் இயக்கத்தை விட்டு விலகினர். சிலர் நாள் சரியே, நிகழ்ச்சியைத் தாம் தவறாக உணர்ந்தோம் என்றனர். நியூயார்க் மாநிலத்தின் போர்ட் கிப்சனைச் சேர்ந்த ஹைரம் எட்சன், மறுநாள் காலை சோளக்கொல்லை வழியே செல்கையில் இக்கருத்து தமக்குத் தோன்றியதாகக் கூறினார். தூயகம் என்பது பூமியன்று, விண்ணகத் தூயகமே. அந்நாளில் இயேசு அதன் உட்பகுதியில் தம் இறுதிப் பணியைத் தொடங்கினார் என்பது அவ்விளக்கம். இவ்வழிவந்தோரே 1863இல் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையை அமைத்தனர். இன்று இரண்டு கோடிக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டு, மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் நடத்திவரும் அத்திருச்சபை இரண்டாம் வருகைக்கு நாள் குறிப்பதில்லை.

மில்லரின் விடை மூன்றாவது. 1845இல் எழுதிய தன்விளக்க நூலில், தாம் எதிர்பார்த்த காலத்தில் தவறினார் என்பதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அக்டோபர் நாளுக்குப் புதுப்பொருள் காணும் முயற்சிகளையும் அவர் ஏற்கவில்லை. வருகை அண்மையில் உள்ளது என்னும் நம்பிக்கையை மட்டும் இறுதிவரை கொண்டிருந்தார். சொந்தத் திருச்சபை அவரை விலக்கியது. 1848இல் தம் நிலத்தருகே சிற்றாலயம் ஒன்றை எழுப்பினார். மறு ஆண்டு டிசம்பரில் காலமானார். நாளை உலகம் முடியும் என்று உரைத்தவர், இன்றும் நிற்கும் ஓர் ஆலயத்தைக் கட்டிவிட்டுச் சென்றார்.

தென்னிந்தியாவில் ஓர் இணை நிகழ்வு

இத்தகைய எதிர்பார்ப்பு மேலை நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் இராமய்யன் என்னும் பெயருடன் பிறந்து, 1861இல் குடும்பத்தாருடன் திருமுழுக்குப் பெற்று, யுஸ்துஸ் யோசேப்பு என்னும் பெயருடன் திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் போதகராகப் பணியாற்றியவரை மலையாள நாட்டார் ‘வித்வான் குட்டி’ என்று அழைத்தனர். 1870களில் அங்கு எழுந்த சமய எழுச்சியில் அவர் முன்னின்றார். 1881ஆம் ஆண்டில் இயேசு வருவார் என்று அவ்வெழுச்சியினர் எதிர்பார்த்தனர். அது நிகழாதபோது பலர் பிரிந்தனர். எஞ்சியோர் யுயோமயம் என்னும் தனிச் சமயக் குழுவாயினர். அவர் இயற்றிய பாடல்கள் மலையாளத் திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. மில்லரின் இயக்கத்துடன் இதற்கு நேரடித் தொடர்பு உண்டென நாம் கூறவில்லை. எனினும், நாள் தவறியபின் பிரிவும் மறுவிளக்கமும் ஒருங்கே தோன்றும் முறைமை இங்கும் காணப்படுவது ஒப்பிடத்தக்கது.

முடிவுரை

2011ஆம் ஆண்டு மே 21ஆம் நாளை இறுதித் தீர்ப்பின் தொடக்கமாக அறிவித்த அமெரிக்க வானொலிப் போதகர் ஹரால்டு கேம்பிங், அந்நாள் தவறியபின் அதனை அக்டோபர் 21க்கு மாற்றினார். அதுவும் தவறிய பின்னர், 2012இல், நாள் குறித்தது பாவமெனவே ஒப்புக்கொண்டார். கட்டடப் பொறியியல் கற்ற அவரும் எண்களில் தேர்ந்தவரே. ஸ்டீபல், மில்லர், கேம்பிங் ஆகிய மூவரும் விவிலியத்தை அலட்சியம் செய்தவர்கள் அல்லர். அதனை மிகுந்த கவனத்துடன் வாசித்தவர்கள். அக்கவனம் எண்களின் மீது குவிந்தபோது, எண்ணுதல் உரியதன்று என்னும் மொழி அவர்தம் கண்ணில் படாமற்போயிற்று.

காத்திருத்தல் கிறிஸ்துவ வாழ்வின் இயல்பு என்றால், அக்காத்திருத்தலுக்குள் விதைப்பும் அறுப்பும் கடன் தீர்த்தலும் அயலானைப் பேணுதலும் அடங்கும். நாள் குறிக்கப்பட்டவுடன் இக்கடமைகள் பொருளற்றவையாகிவிடுகின்றன. நாளைய நாள் இல்லையெனில் இன்று கிழங்கைத் தோண்டுவானேன் என்னும் வினா எழுகிறது. அகுஸ்தீன் முதல் இலாத்தரன் சங்கம் வரை விதிக்கப்பட்ட தடைகளை அதிகாரத்தின் கெடுபிடியாக மட்டும் நாம் காண்பதற்கில்லை. எளிய மக்களின் நாளைய உணவைக் காக்கும் காவலாகவும் அவை விளங்கின. 1818 முதல் 1831 வரை மில்லர் காத்த மௌனத்தில் இவ்வுணர்வு இருந்தது. அவர் வாழ்வில் நாம் பெரிதும் மதிக்கத்தக்கவை, அந்த மௌனமும், தவறியபின் அவர் மறைக்காமல் செய்த ஒப்புதலுமே ஆகும்.